கார் ஏ.சி.க்கு கேஸ் அடிப்பதற்கு முன்

ஏ.சி. குளிரவில்லை என்று வண்டியை விட்டால் பல பட்டறைகளில் முதல் பதிலே "கேஸ் கம்மியா இருக்கு, டாப்-அப் பண்ணிடலாம்" என்பதுதான். கேஸ் என்ன பெட்ரோலா, எரிந்து தீர? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஹோஸ் வழியாகச் சில வருடங்களில் கொஞ்சம் குறையலாம். ஒரே கோடையில் காலியானால் எங்கோ லீக்.

பிரஷர் கேஜ் மாட்டும் முன் காற்று போகும் வழியைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கேபின் ஃபில்டர் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அடுத்தது கண்டன்சர், அதாவது முன்பக்கம் கேஸின் சூட்டை வெளியே தள்ளும் வலை. பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் அதன் மெல்லிய தகடுகள் (ஃபின்) மடங்கிவிடும், சாதாரண ஹோஸ் தண்ணீரே போதும். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? முதலில் கண்டன்சர் ஃபேனைச் சந்தேகப்படுங்கள்.

ஆர்134ஏ என்ற வகை கேஸ் உள்ள வண்டியில், 35 டிகிரி வெயிலில், 1500 ஆர்.பி.எம்.மில் லோ சைடு (கேஸை அழுத்தும் கம்ப்ரஸருக்குள் கேஸ் நுழையும் பக்கம்) பிரஷர் சுமார் 30–45 பி.எஸ்.ஐ., ஹை சைடு (அதிலிருந்து வெளியேறும் பக்கம்) 200–250 வரும். இரண்டுமே இறங்கியிருந்தால் கேஸ் குறைவு. இரண்டுமே ஏறியிருந்தால் கண்டன்சரில் சூடு இறங்கவில்லை, அல்லது யாரோ கேஸைக் கூடுதலாக அடித்திருக்கிறார்கள். லோ ஏறி ஹை இறங்கினால் கம்ப்ரஸர் தளர்ந்துவிட்டது. லோ சைடு முள் வேக்கத்துக்கே (பூஜ்யத்துக்குக் கீழே) போனால், கூலிங் காயிலுக்குக் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வ் அடைப்பு.

இன்ஜினை அணைத்துவிட்டுப் பிரஷர் பார்த்து கேஸ் அளவு சொல்பவரை நம்ப வேண்டாம். 30 டிகிரியில் உள்ளே 150 கிராம் இருந்தாலும் 450 கிராம் இருந்தாலும் முள் 97 பி.எஸ்.ஐ. பக்கமே நிற்கும்.

லீக்கைத் தேட டார்ச்சும் சோப்புத் தண்ணீரும் எடுங்கள். கேஸோடு ஆயிலும் கசிவதால் அந்த ஜாயின்ட்டில் புழுதி கறுப்பாக, பிசுக்காக ஒட்டியிருக்கும். கேஜ் மாட்டும் சர்வீஸ் போர்ட்டின் வால்வ் பின்னையும் விடாதீர்கள். மூடி தொலைந்த போர்ட்டில் அதுதான் அடிக்கடி கசியும்.

பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் ரெக்கவரி மெஷினில் இழுத்துவிட்டு ஜாயின்ட்டின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாற்றலாம். சிஸ்டம் நாள்கணக்கில் திறந்து கிடந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரும் புதிது. பிறகு குறைந்தது 30 நிமிடம் வேக்கம், அதாவது பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பது. பம்பை நிறுத்தி 15 நிமிடம் பாருங்கள். முள் ஏறினால் லீக்கோ ஈரமோ மிச்சம் இருக்கிறது, கேஸ் அடிக்காதீர்கள். அவசரத்தில் பலர் தாண்டிப்போவது இந்த 15 நிமிடத்தைத்தான்.

கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். அளவு பானட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். சின்ன கார்களுக்கு அரைக் கிலோவுக்குள்தான், 50 கிராம் கூடினாலே குளிர்ச்சியில் தெரியும். கம்ப்ரஸர் ஆயிலும் ஸ்டிக்கரில் சொன்ன பேக் (PAG என்ற ஆயில் வகை) கிரேடாகவே இருக்கட்டும். ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளின் எலெக்ட்ரிக் கம்ப்ரஸருக்கு பேக் ஊற்றினால் மின்கசிவு வரும். அவற்றுக்குப் பெரும்பாலும் பி.ஓ.இ. (POE) என்ற வேறு வகை ஆயில்தான்.

முன் சீட்டின் கால்மாட்டில் கார்ப்பெட் ஈரமாக இருந்தால் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கூலிங் காயிலின் ட்ரெயின் குழாய் அடைத்திருக்கும், வண்டிக்கு அடியிலிருந்து மெதுவாகக் காற்று ஊதினால் தண்ணீர் கொட்டும்.