பெம்பாவின் பிற்காலப் படம்

டர்பனில் ஓவியங்களுக்கு மதிப்புப் போடுவது என் தொழில். தென்னாப்பிரிக்க ஓவியர் ஜார்ஜ் பெம்பாவின் படம் என்றால் வாங்க வருகிறவர்கள் முதலில் வருடத்தைத்தான் கேட்பார்கள். நாற்பதுகள் என்றால் முகம் மலரும். எண்பதுகள் என்றால், "ஓ, கடைசிக் காலத்துப் படமா" என்று குரல் இறங்கிவிடும். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. குடும்பத்தைக் காப்பாற்றப் பல வருடம் கடை நடத்தியவர் அவர். கடையை விட்ட பிறகுதான் முழு நாளும் அவர் கைக்கு வந்தது. அந்த வருடங்களின் வேலையை எப்படித் தள்ளுபடி விலையில் பார்ப்பது?

அண்மையில் இங்கே டர்பனின் மெர்பேங்க் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் அப்படியொரு படத்தைப் பார்த்தேன். நிறவெறி ஆட்சியில் போர்ட் எலிசபெத் நகரின் சவுத் எண்டிலிருந்து அதே நகரின் மலபார் என்ற பகுதிக்கு விரட்டப்பட்ட தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. பெம்பாவும் அதே ஊர்க்காரர். 1912-ல் அங்கே கோர்ஸ்டன் பகுதியில் பிறந்தவர். அந்த ஆசிரியர் (நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன்) படத்தை பெம்பாவிடமே நேரில் வாங்கியிருக்கிறார். ரசீது இல்லை. ஆனால் ஓவியரோடு எடுத்துக்கொண்ட புகைப்படத்தில், பின்னால் இதே படம் சட்டம் போடாமல் சுவரில் சாய்ந்திருக்கிறது. எனக்கு அது ரசீதைவிடப் பெரிய சாட்சி.

பேருந்துக்குக் காத்திருக்கும் மூன்று பெண்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் 84 என்று வருடம். பெம்பா நீர்வண்ணத்தில் தொடங்கி, சக ஓவியர் ஜெரார்ட் செகோட்டோ ஊக்கப்படுத்தியதால் எண்ணெய் வண்ணத்துக்கு வந்தவர். அந்தப் பழைய பழக்கம் இதன் வானத்தில் தெரிகிறது: அவ்வளவு மெல்லிய பூச்சு. உடைகளை நாலைந்து தீற்றலில் முடித்துவிட்டார். ஆனால் நடுவில் நிற்பவள் மூட்டையின் முடிச்சைப் பிடித்திருக்கும் விரல்களைப் பாருங்கள்! ஒவ்வொரு கணுவுக்கும் தனி நிழல். கை தளர்ந்தவர் செய்கிற வேலையா இது? எங்கே நிற்க வேண்டும், எங்கே கடந்து போகலாம் என்று தெரிந்தவரின் வேலை.

புற ஊதா விளக்கில் பிற்பாடு தொட்டுத் திருத்திய கறுப்புத் திட்டு எதுவும் இல்லை. கடல் ஈரத்தில், படம் வரைந்திருக்கும் அட்டையின் கீழ் மூலை லேசாக உப்பியிருந்தது. இடது பக்கம் பழுப்பாக ஒரு படலம். அந்தப் பக்கம்தான் சாமி மாடம், தினமும் சாம்பிராணி.

அப்புறம் விலை. ஒரு வியாபாரி ஏற்கெனவே வந்து, பெம்பாவின் பழைய படங்களின் விலையை எடுத்துக்கொண்டு அதில் பெரும்பகுதியைக் கழித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் அப்படிச் செய்யவில்லை. இதே காலத்தில், இதே அளவில், அட்டைமேல் எண்ணெயில் அவர் வரைந்து ஏலத்தில் போனவற்றோடு மட்டும் ஒப்பிட்டேன். தொகை வியாபாரி சொன்னதைவிட நன்றாகவே உயர்ந்தது. காப்பீட்டுக்கு ஒன்று, உயிலுக்கு ஒன்று என்று இரண்டு மதிப்பு எழுதினேன். இதே தரத்தில் இன்னொன்றைக் கடையில் வாங்க ஆகும் செலவு முதலாவது. ஏலத்தில் கிடைக்கக்கூடியது இரண்டாவது. அதனால் முதலாவதுதான் எப்போதும் கூடுதல். அங்கிளின் மகள்கள் இருவருக்கும் இதை ஒருமுறைக்கு இரண்டுமுறை விளக்கினேன்.

"ஈரத்துணியால துடைச்சிடாதீங்க அங்கிள், அதுக்குன்னு பழகின ஆள்தான் கை வைக்கணும்" என்றேன்.

"அப்போ சாமி மாடத்தை மாத்தணுமா தம்பி?"

"மாடம் அங்கேயே இருக்கட்டும். படத்தை மட்டும் எதிர்ச் சுவருக்குக் கொண்டு போயிடலாம்."