புடாபெஸ்ட்: படகுச் சவாரியை விடுங்கள், எட்வோஷைக் கேளுங்கள்

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். விமான நிலையத்திலிருந்து ஏற்றி வந்த டாக்சிக்காரர் மீட்டரைக் காட்டவே இல்லை. பேசிய தொகைக்கு மேல் பெட்டிக்குத் தனியாகக் காசு கேட்டு, கொடுக்கும்வரை டிக்கியைத் திறக்க மறுத்தார். சாப்பாட்டுக்கு ஒதுக்கியதில் பாதி போய்விட்டது. 100இ பஸ் நேராக நகர நடுவுக்கு வருகிறது. அதில் ஏறுங்கள்.

எல்லோரும் இங்கே வெந்நீர்க் குளியலுக்கும் தன்யூப் ஆற்றுப் படகுக்கும் வருகிறார்கள். நான் போனது பீட்டர் எட்வோஷுக்காக. இசையமைப்பாளர், ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர். 2024 மார்ச்சில், 80 வயதில், இதே ஊரில் காலமானார். பிறந்தது 1944-ல் டிரான்சில்வேனியாவில். அந்தப் பகுதி இப்போது ருமேனியாவில் இருக்கிறது.

1896-ல் ஓடத் தொடங்கிய குட்டி மெட்ரோவில் ஆக்டோகனில் இறங்கி நடந்தால் லிஸ்ட் இசைக் கல்லூரி. முகப்பில் 19-ம் நூற்றாண்டு ஹங்கேரிய இசையமைப்பாளர் லிஸ்ட் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். 14 வயதுப் பையனாக எட்வோஷை இங்கே சேர்த்துக்கொண்டவர் ஹங்கேரியின் பெரிய இசையமைப்பாளர் கோடாய். ககாரின் விண்வெளிக்குப் போன 1961-ல், 17 வயதில், 'கோஸ்மோஸ்' என்று பியானோவுக்கு எழுதினார். அப்புறம் ஜெர்மனியின் கொலோன், அங்கே இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் குழு. 1979 முதல் 1991 வரை, பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலேஸ் பாரிஸில் தொடங்கிய குழுவுக்கு இசை இயக்குநர். மற்றவர்களின் புதிய இசையை இவ்வளவு காலம் மேடையேற்றியவர், தன் முழுநீள ஓபராவால் உலகப் பெயர் எடுத்தது 50 வயதுக்கு மேல்தான். 1998-ல் பிரான்ஸின் லியோனில் அரங்கேறிய 'மூன்று சகோதரிகள்', ரஷ்ய எழுத்தாளர் செகாவின் நாடகத்திலிருந்து. அந்தச் சகோதரிகளாகப் பாடியவர்கள் உச்சக்குரல் ஆண்கள்!

என் மனத்தில் முதலிடம் 2007-ல் வந்த 'செவன்' என்ற வயலின் கன்செர்டோவுக்கு, அதாவது தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புக்கு. 2003-ல் கொலம்பியா விண்கலத்தில் இறந்த 7 பேருக்கான அஞ்சலி. அவர்களில் ஒருவர் நம் கல்பனா சாவ்லா. தனி வயலின் மேடையில் இருக்க, இன்னும் 6 வயலின்கள் அரங்கில் அங்கங்கே நின்று பதில் சொல்லும். ஆற்றோரமாக ஓடும் 2-ம் எண் டிராமில் ஹெட்போனில் கேட்டேன். நிறுத்தம் தாண்டியதே தெரியவில்லை.

பட்ஜெட் நெருக்கடிக்கு மருந்து, வேலை நாட்களில் மதியம் கிடைக்கும் 'நாப்பி மெனூ'. சூப்பும் ஒரு முக்கிய உணவும் சேர்த்து ஒரே விலை. குளிர்ந்த புளிச்செர்ரி சூப், பிறகு காளான் பாப்ரிகாஷ் என்ற மிளகாய்ப்பொடிக் குழம்பு, கூடவே மாவு உருண்டைகள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சூப் ஒன்றே போதும், அவ்வளவு ருசி. பெரிய சந்தையின் மாடியில் லாங்கோஷ் என்ற எண்ணெயில் பொரித்த ரொட்டியை வாங்காதீர்கள். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே ஏற்றிய விலை.

அந்தச் சந்தைக்குப் பக்கத்துத் தெருவான மாத்யாஷ் உத்சாவில் இருக்கிறது புடாபெஸ்ட் மியூசிக் சென்டர். 2013-ல் திறந்தது. இளம் இசையமைப்பாளர்களுக்கும் நடத்துநர்களுக்கும் எட்வோஷ் 2004-ல் ஏற்படுத்திய அறக்கட்டளை இங்கிருந்துதான் இயங்குகிறது. கச்சேரி டிக்கெட், அந்த டாக்சிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. அரங்கம் சின்னது, கடைசி வரிசையிலும் ஒவ்வொரு வில்லிழுப்பும் காதில் விழுகிறது.

கடைசி ஓபராவான 'வலுஷ்கா' மட்டும்தான் ஹங்கேரிய மொழியில் அவர் எழுதியது. கதை ஹங்கேரிய எழுத்தாளர் க்ராஸ்னஹோர்காயின் நாவலிலிருந்து. 2023 டிசம்பரில், பழைய ரயில் பட்டறையை அரங்கமாக்கிய ஐஃபல் கலைக்கூடத்தில் அரங்கேறியது. அதை மறுபடி போட்டால் டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு, விமானத்தை அப்புறம் பாருங்கள்.