பதிவு அழிவதற்குள்

என் அக்கா மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறான். பக்கத்து ஊரில் இரவு நடந்த நகைத் திருட்டுக்காகச் சென்ற ஆண்டு அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திருட்டு நடந்த நேரத்தில் அவன் நைட் ஷிப்டில் இருந்தான். "கோர்ட்டில் உண்மை தெரிந்துவிடும் கண்ணு" என்று ஊர்ப் பெரியவர்கள் தேற்றினார்கள். வழக்கு விசாரணைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அவன் வேலையில் இருந்ததைக் காட்டும் கம்பெனி கேமரா பதிவு அதுவரை இருக்காது. ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேல் புதியது ஏறிவிடும்.

வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லை. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு என்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். கோர்ட் வளாகத்தில் இருக்கும் ஆணைக்குழு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். (15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.) இலவசம் என்றால் ஏனோதானோ என்றுதான் இருக்கும் என்று நினைப்பவர்கள் எங்களுக்கு வந்த வக்கீலம்மாவைப் பார்க்க வேண்டும். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கம்பெனி கேமராவில் எத்தனை நாள் பதிவு நிற்கும்?"

மேனேஜர் தயங்கினார். கம்பெனிப் பெயர் கோர்ட்டுக்குப் போவதில் முதலாளிக்கு விருப்பமில்லையாம். பதிவை அழிக்காமல் வைக்கும்படி வக்கீலம்மா கடிதம் அனுப்பினார். மனுப் போட்டு வரவழைக்கவும் வழியுண்டு என்று அதிலேயே குறிப்பிட்டார். மறுபேச்சு வரவில்லை.

பதிவைப் போட்டுப் பார்த்தால் வேறொரு சிக்கல். கேமரா கடிகாரம் இருபது நிமிடம் முந்தி ஓடியது. வருகைக்குக் கைரேகை வைக்கும் மெஷினோ சரியான நேரம் காட்டியது. இரண்டும் முரண்பட்டால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். திரையின் பக்கத்தில் செல்போனை வைத்து, இரண்டு கடிகாரமும் ஒரே படத்தில் விழும்படி எடுக்கச் சொன்னார் வக்கீலம்மா. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் சேர்ந்தால்தான் பதிவை ஏற்றிய பென் டிரைவுக்கு மதிப்பு. அதில் ஒரு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். எங்களை அதிகம் அலையவைத்தது அந்தத் தாள்தான்.

போலீஸ் நிலையத்தில் அவனிடம் ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அக்கா அழுது தீர்த்தாள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. அவன் சொல்லி ஏதாவது பொருள் கண்டெடுத்திருந்தால் அந்த அளவுக்கு மட்டுமே செல்லும். இவன் விஷயத்தில் ஒரு குண்டுமணி நகைகூடக் கிடைக்கவில்லை. வக்கீலம்மாவின் கவலையெல்லாம் பலரோடு நிற்கவைத்துச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பைப் பற்றித்தான். அவன் படம் அதற்குள் வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டது. படத்தைப் பார்த்துவிட்டு வரும் சாட்சி யாரைக் கைகாட்டுவார்? இதை மாஜிஸ்திரேட்டிடம் உடனே எழுத்தில் பதியவைத்தார்.

ஜாமீன் கிடைத்தது. கேமரா பதிவையும் வருகைப் பதிவையும் விசாரணை அதிகாரிக்கும் மேலதிகாரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். போலீஸ் கோர்ட்டில் கொடுத்த இறுதி அறிக்கையில் அவன் பெயர் இல்லை. அதன் சான்றிட்ட நகலை வாங்கி வைத்திருக்கிறோம். நாளை பாஸ்போர்ட் விசாரணைக்கு வருபவரிடம் காட்ட வேண்டியிருக்கும்.