1953 ஸ்டூட்பேக்கரை 25-இல் ஒரு பங்காகச் செய்து பார்த்த அனுபவம்

அமெரிக்காவின் ஸ்டூட்பேக்கர் நிறுவனத்தின் மூன்று கார்களை 25-இல் ஒரு பங்கு அளவு மாதிரிகளாகச் செய்து வரிசையாக வைக்க வேண்டும் என்று தொடங்கிய வேலை பாதியைத் தாண்டிவிட்டது. முதலாவது 1953-ஆம் ஆண்டின் ஸ்டார்லைனர் கூபே (இரண்டு கதவுள்ள தாழ்ந்த கார்), இரண்டாவது அதே ஆண்டில் வந்த சாம்பியன் நான்கு கதவு செடான், மூன்றாவது 1959-ஆம் ஆண்டின் லார்க். கூபே முடிந்து கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. செடான் பிரைமர் பூச்சோடு நிற்கிறது. லார்க் இன்னும் வெட்டிய பிளாஸ்டிக் தகடுகளாகத்தான் மேசையில் கிடக்கிறது.

இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அழகான கார் செய்யத் தெரிந்த ஒரு நிறுவனம் ஏன் நொடித்துப்போனது என்று கேட்டால், கூலிச் செலவு, பழைய தொழிற்சாலை, டெட்ராய்ட் நகரத்துப் பெரிய கார் நிறுவனங்களின் விலைப்போர் என்று பல பதில்கள் கிடைக்கின்றன. அவை எல்லாமே உண்மைதான். ஆனால் ஒரே ஆண்டில் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு கூடுகளுக்கு, அதாவது காரின் மேலுடல்களுக்கு, தகடு அழுத்தும் அச்சுகள் செய்து, அடுத்த 13 ஆண்டுகளும் அந்தக் கூடுகளிலிருந்து வெளியே வர முடியாமல் அந்நிறுவனம் திண்டாடியது என்பதே என் கணிப்பில் முதன்மையான காரணம். அதை எழுத்தில் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, ரம்பத்தையும் பட்டிப் பசையையும் வைத்துக்கொண்டு தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

வேலையின் ஓய்வு நேரத்தில் கார்களுக்கு முன்பாகவே ஒரு சிறிய பொருளைச் செய்து முடித்தேன்: ஐஸ்கிரீம் குச்சியைச் சீவி எடுத்த மரத்தில் ஓர் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. இந்நிறுவனத்தின் கதையில் அதற்கு உரிய இடம் உண்டு. 1852-இல் ஹென்றி, கிளெம் என்னும் சகோதரர்கள் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்டில் கொல்லுப்பட்டறை திறந்தார்கள். தம்பி ஜான் தங்கம் தேடிக் கலிபோர்னியாவின் பிளாசர்வில்லுக்குப் போய், தங்கம் தோண்டுவதைவிடத் தோண்டுபவர்களுக்குத் தள்ளுவண்டி செய்து விற்பதே மேல் என்று கண்டு, சுமார் 8,000 டாலர் சேர்த்துக்கொண்டு 1858-இல் திரும்பினார். அந்தப் பணம் பட்டறைக்குள் வந்த பிறகுதான் அது தொழிற்சாலையாக வளர்ந்தது. போரை ஏற்காத சமயப் பிரிவைச் சேர்ந்த ஹென்றி, ராணுவத்துக்கு வண்டி செய்து கொடுப்பதில் மனம் ஒப்பாமல் தன் பங்கை ஜானுக்கு விற்றுவிட்டு விலகினார். உள்நாட்டுப் போரும் மேற்கு நோக்கிய குடியேற்றமும் மற்றதைப் பார்த்துக்கொண்டன.

குதிரை வண்டியிலிருந்து காருக்கு மாறி நிலைத்த அமெரிக்க வண்டித் தொழிற்சாலைகள் மிகச் சில. ஸ்டூட்பேக்கர் 1902-இல் மின்சாரக் காரும் 1904-இல் பெட்ரோல் காரும் விற்றது. கடைசிக் குதிரை வண்டி 1920-இல் வெளியேறியது. 1920-களின் இலாபத்தில் ஊன்றி நின்ற தலைவர் ஆல்பர்ட் எர்ஸ்கின், பொருளாதாரப் பெருமந்தம் வந்த பிறகும் கையிருப்பிலிருந்து எடுத்துப் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை கொடுத்துக்கொண்டிருந்தார். 1933 மார்ச்சில் நிறுவனம் நீதிமன்றப் பொறுப்பாளர் கைக்குப் போனது, ஜூலையில் அவர் தற்கொலை செய்துகொண்டார். நிறுவனத்தின் அதிகாரிகளான பால் ஹாஃப்மனும் ஹரால்ட் வான்ஸும் அதை மீட்டெடுத்து, 1939-இல் சாம்பியன் என்னும் சிக்கனமான காரை வெளியிட்டார்கள். போர்க்காலத்தில் செய்த ஏறக்குறைய 2,00,000 ராணுவ லாரிகளில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றது, கத்யூஷா ராக்கெட் ஏவிகளை முதுகில் சுமந்த லாரிகளும் அவற்றில் இருந்தன. போர் முடிந்ததும் 1947-ஆம் ஆண்டு மாடலாக முற்றிலும் புதிய வடிவில் கார் கொண்டுவந்து பெரிய நிறுவனங்களை முந்தியது. பின்பக்கக் கண்ணாடி வளைந்து சுற்றிவரும் அந்தக் கூபேயைப் பார்த்து, வண்டி வருகிறதா போகிறதா என்று நகைச்சுவையாளர்கள் கேட்டதெல்லாம் இலவச விளம்பரம்தான். 1950-இல், மூக்கில் விமானத்தின் கூம்பு வைத்தது போன்ற முகப்போடு, மூன்று லட்சத்துக்கும் அதிகமான கார்கள் விற்றன. அந்த உயரத்தை அது மீண்டும் தொடவே இல்லை.

இனி கூபே. கடையில் கிடைத்த பிளாஸ்டிக் கிட்டின் மேற்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, நானே கீற்றுகளால் செய்தேன். உண்மைக் காரின் வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 120.5 அங்குலம், 25-இல் ஒரு பங்காக்கினால் 122.4 மில்லிமீட்டர். நீளவாக்கில் இரண்டு கீற்றுகள், குறுக்கே சில கீற்றுகள் என்று ஏணி போல ஒட்டி, எஞ்சின் வைக்கும் இடத்தைத் திறந்துவிட்டேன். 1951-இல் ஸ்டூட்பேக்கர் சொந்தமாக உருவாக்கிய 232 கன அங்குல வி-8 எஞ்சின் கனமானது, அந்தக் கனம் முழுவதும் முன் சக்கரங்களின் அச்சின்மேல் விழும். மாதிரியில் ஈயத்துண்டு ஒன்றை எஞ்சினுக்குள் வைத்தபோது ஏணியின் முன்முனை இலேசாகத் தாழ்ந்தது, மட்கார்டுக்கும் கதவுக்கும் இடையிலான இடைவெளி மேலே குறுகிக் கீழே விரிந்தது.

பிளாஸ்டிக்கின் வளைவை வைத்து எஃகைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆயினும் 1953 தொடக்கத்தில் சவுத் பெண்டில் நடந்தது இதற்கு வெகு தொலைவில் இல்லை. பயணம் மென்மையாக இருக்கட்டும் என்று சேசிஸ் சற்று நெகிழும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. உற்பத்தி தொடங்கியபோது எஞ்சினை இறக்கியதும் முன்பகுதி தாழ்ந்து, பானெட்டும் மட்கார்டுகளும் கூட்டோடு சேர மறுத்தன. அதைச் சரிசெய்து கார்களை வெளியே அனுப்புவதற்குள் மாதங்கள் கழிந்தன, வாங்க வந்தவர்களில் பலர் காத்திருக்கவில்லை. என் மேசையில் இரண்டு குறுக்குக் கீற்றுகள் கூடுதலாக ஒட்டியதும் பிரச்சினை தீர்ந்தது. அவர்களுக்கோ ஒவ்வொரு மாற்றமும் காலமும் பணமுமாக இருந்தது.

கூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் குழுவில் ராபர்ட் பர்க் வரைந்த இந்த வடிவத்தை உப்புத்தாளால் தேய்க்கும்போதுதான் அதில் எவ்வளவு குறைவாக அலங்காரம் இருக்கிறது என்பது விரலுக்குத் தெரிகிறது. அக்காலத்து மற்ற அமெரிக்கக் கார்களின் மாதிரிகளில் மெட்டல் ஃபாயில் ஒட்டுவதற்கே பல மாலைகள் போய்விடும். இதில் கண்ணாடி விளிம்பு, பம்பர், முகப்பின் இரண்டு தாழ்ந்த வாய்கள், பக்கவாட்டில் சிறு கோடுகள், அவ்வளவுதான். மீதி வேலையை உலோகத்தின் மடிப்பே செய்துவிடுகிறது. கதவின் மேல் ஓடிவந்து பின்னோக்கிச் சரியும் அந்த மடிப்பைப் பெயின்ட் தடித்து மூடிவிடாமல் காப்பதற்காக, ஏர்பிரஷில் மிக மெல்லிய பூச்சுகளாகவே அடித்தேன். ஒளிப்படங்களில் அதிகம் காணப்படும் சிவப்பைத் தவிர்த்து இளம்பச்சை கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. காரின் உயரம் சுமார் 56 அங்குலம், மாதிரியில் 57 மில்லிமீட்டர். அக்காலத்துச் சாதாரணக் கார் ஒன்றின் மாதிரியைப் பக்கத்தில் வைத்தால் இது அதன் ஜன்னல் உயரத்தில் படுத்திருப்பதாகத் தெரிகிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1953-இல் நடத்திய கார் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்த பத்தில் இதுவும் ஒன்று.

செடானில்தான் நான் எதிர்பார்த்த இடம் வந்தது. அதன் வீல்பேஸ் 116.5 அங்குலம். கூபேயைவிட 4 அங்குலம் குறைவு என்றால் மாதிரியில் நான்கு மில்லிமீட்டர் எடுத்தால் போதுமே என்று முதலில் தோன்றும். இரண்டாவது கிட்டின் கூட்டை எடுத்து, செடானின் பக்கத்தோற்ற வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். பானெட்டின் சரிவு வேறு, முன் மட்கார்டின் உயரம் வேறு, முன்கண்ணாடியின் சாய்வு வேறு, டிக்கி முற்றிலும் வேறு. இரண்டுக்கும் முகச்சாயல் ஒன்று, ஆனால் ஒன்றின் தகடு மற்றொன்றில் பொருந்தாது. கூட்டை ஓரமாக வைத்துவிட்டு, செடானை அடியிலிருந்து பிளாஸ்டிக் தகட்டில் எழுப்பினேன். நான்கு கதவுகளுக்கும் கோடு கீறி, கூரையைச் சூடாக்கி வளைத்து, மட்கார்டுகளை அடுக்கடுக்காக ஒட்டிப் பட்டி பார்த்துத் தேய்த்த உழைப்பில், கிட்டிலிருந்து கிடைத்தவை சக்கரங்களும் விளக்குகளும் மட்டுமே.

நிறுவனம் செய்ததும் இதுவே. தாழ்ந்து நீண்ட கூபேக்காகப் பிறந்த வடிவத்தைக் குறுகிய, உயர்ந்த செடானுக்கு ஏற்றியபோது, அழகும் வரவில்லை, அச்சுச் செலவும் மிச்சமாகவில்லை. அமெரிக்கக் கார்த் தொழிலில் ஒரு கூட்டுக்கான அச்சுகள் இலட்சக்கணக்கான கார்களின்மேல் பங்கிடப்பட்டால்தான் கட்டுபடியாகும். ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே கூட்டைச் சில மாற்றங்களோடு பல பெயர்களில் விற்றுவந்தது. அதன் அருகில் நிற்க முடியாத சிறிய நிறுவனம், தன் விற்பனையை இரண்டாகப் பிரித்து இரண்டு கூடுகளின்மேல் போட்டது. போதாக்குறைக்கு, செடான்தான் அதிகம் விற்கும் என்று கணக்குப் போட்டு உற்பத்தியைத் திட்டமிட்டிருந்தார்கள், மக்கள் வரிசையில் நின்றதோ கூபேக்கு. விகிதத்தை மாற்றி முடிப்பதற்குள் ஃபோர்டும் செவ்ரலேயும் தங்களுக்குள் தொடங்கிய விலைப்போரில் சந்தையே கலைந்துவிட்டது. மாதிரியிலும் செடானைக் கூபேயின் அருகில் வைத்துப் பார்க்கும்போது, அதில் குறை என்று ஒன்றைச் சுட்ட முடியாவிட்டாலும், கண் அதில் தங்குவதில்லை.

1954-இல் பாக்கார்ட் என்னும் மற்றொரு அமெரிக்கக் கார் நிறுவனம் ஸ்டூட்பேக்கரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிறகு கணக்கைத் தோண்டிப் பார்த்தபோது, ஆண்டுக்குச் சுமார் 2,82,000 கார்கள் விற்றால்தான் சவுத் பெண்டில் நட்டமில்லாமல் இருக்கும் என்று தெரிந்தது. அந்த ஆண்டின் விற்பனை ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. பெண் பார்க்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று நம் ஊரில் சொல்வார்கள். காப்பாற்ற வந்த பாக்கார்ட்தான் முதலில் அழிந்தது: 1956-இல் டெட்ராய்ட் தொழிற்சாலை நின்றது, 1958-க்குப் பிறகு அந்தப் பெயரே இல்லை.

இப்போது மேசையில் கிடக்கும் லார்க்குக்கு வருகிறேன். புதிய கூட்டுக்குப் பணம் இல்லாத நிலையில், தலைவர் ஹரால்ட் சர்ச்சிலும் அவருடைய பொறியாளர்களும் 1953 செடானின் நடுப்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் வெட்டினார்கள். வீல்பேஸ் 108.5 அங்குலமானது. குறைத்த 8 அங்குலமும் எஞ்சின் அறைச் சுவருக்கு முன்னாலிருந்தே எடுக்கப்பட்டது, உள்ளே ஆறு பேர் உட்காரும் இடம் குறையவில்லை. மொத்த நீளம் 175 அங்குலம், பழைய செடானைவிட ஏறக்குறைய இரண்டு அடி குறைவு. செடானுக்காக நான் வரைந்து வைத்திருந்த நடுப்பகுதி அட்டைகளைக் கதவோடும் கூரையோடும் மறுபடி பயன்படுத்த முடிகிறது என்பதைக் கண்டபோது, இந்தத் திட்டத்தின் பயன் கைக்கு வந்தது போல இருந்தது. முன்பக்கம் எட்டு மில்லிமீட்டர் வெட்டி, தொங்கும் முனைகளைக் குட்டையாக்கினால் போதும், லார்க்கின் உருவம் தானாக எழுகிறது. ஆறு ஆண்டு பழைய உலோகத்திலிருந்து வேறொரு காரை வரவழைத்த அந்த வேலை, கலைக்கூடம் பாராட்டிய கூபேயைவிட எனக்கு அதிக மதிப்பைத் தருகிறது. 1959-இல் நிறுவனம் 2.85 கோடி டாலர் இலாபம் பார்த்தது. சிறிய கார் விற்க வழியில்லாத மற்ற நிறுவனங்களின் முகவர்கள்கூட லார்க்கைத் தங்கள் கடையில் நிறுத்தினார்கள்.

அடுத்த ஆண்டே ஃபால்கன், கார்வேர், வேலியன்ட் என்று மூன்று பெரிய நிறுவனங்களின் சிறிய கார்களும் வந்துவிட, அந்த முகவர்கள் தங்கள் சொந்த வீட்டுக்குத் திரும்பினார்கள். கூபேயின் கூடு ஹாக் என்னும் பெயரில் 1964 வரையும், செடானின் கூடு லார்க்கின் வழிவந்த கார்களில் 1966 வரையும் ஓடியது.

அவான்டியையும் இதில் சேர்க்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 1962-இல் ஷெர்வுட் எக்பர்ட் தலைமையில், மீண்டும் லோவியின் குழுவிடமிருந்து வந்த கண்ணாடியிழைக் கார் அது. கிரில் இல்லாத அதன் முகம் இன்றும் பழசாகவில்லை. ஆனால் வெளியிலிருந்து வந்த கூடுகள் சரியாகப் பொருந்தாமல் உற்பத்தி தாமதமாகி, 5,000-க்கும் குறைவாகவே செய்யப்பட்டது. அதன் அடியில் இருப்பதும் லார்க்கின் திறந்த கூரைக் காருக்கான சேசிஸ்தான். என் வரிசைக்கு அது புதிதாக எதையும் சொல்லாது.

1963 டிசம்பரில் சவுத் பெண்டில் கார் உற்பத்தி நின்றது. கனடாவின் ஹாமில்டனில் 1966 மார்ச் வரை தொடர்ந்தது, கடைசி ஆண்டுகளில் எஞ்சினையே ஜெனரல் மோட்டார்ஸின் துணை நிறுவனத்திடமிருந்து வாங்க வேண்டியிருந்தது. சவுத் பெண்டின் ஓய்வூதிய நிதியில் போதிய பணம் இல்லை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முழுத் தொகை கிடைத்தது, 40 முதல் 59 வயது வரையிலான சுமார் 4,000 பேருக்கு அவர்களுக்கு உரியதில் 15 சதவீதம் அளவே கிடைத்தது, அதற்கும் இளையவர்களுக்கு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1974-இல் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, அதற்காக வாதாடியவர்கள் காட்டிய முதல் எடுத்துக்காட்டு இதுவே.

எஞ்சியுள்ள வேலை: செடானின் பிரைமரை நனைத்த உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிட்டு நிறம் அடிக்க வேண்டும். லார்க்கின் கிரில்லுக்கு டீ வடிகட்டியின் கம்பி வலையை வெட்டிப் பார்த்ததில் கண்ணி சற்றுப் பெரிதாகத் தெரிகிறது, இன்னும் நுண்ணிய வலை தேடிக்கொண்டிருக்கிறேன். ஒதுக்கி வைத்த இரண்டாவது கூபேக் கூடு வீணாகாது. வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் 1962-இல் அதே கூட்டின்மேல் சதுரக் கூரை ஏற்றிச் செய்த ஜி.டி. ஹாக்கை அதிலிருந்து எடுக்கலாம் என்று கூரையின் அளவுகளைக் குறித்து வைத்திருக்கிறேன்.