ஐ.பி.எஸ். வயிற்றோடு பத்து மாதம்: இரும்பு மாத்திரையை விடாமல் கடப்பது எப்படி

ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome) என்பது வயிற்றுவலியும் உப்புசமும் பேதியோ மலச்சிக்கலோ அடிக்கடி வந்துபோகும் குடல் கோளாறு. அது இருப்பவர்களுக்குக் கர்ப்பம் உறுதியானதும் முதல் வேலை, வீட்டில் வயிற்றுக்காக வாங்கி வைத்திருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துப்போவதுதான். கர்ப்பத்தை அரசிடம் பதியும் பிக்மி பதிவின்போது பிரஷர், சர்க்கரை, தைராய்டு, முந்தைய சிசேரியன் பற்றிக் கேட்பார்கள். குடலைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பதில்லை, நாமாகத்தான் சொல்ல வேண்டும். "சிஸ்டர், எனக்கு ரொம்ப நாளா ஐ.பி.எஸ். இருக்கு, இந்த மாத்திரையெல்லாம் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்" என்று சொல்லி, தாய் சேய் அட்டையில் எழுதவும் வைத்துவிடுங்கள். பின்னால் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் அந்த ஒரு வரி கூடவே வரும்.

மாத்திரைகளைக் காட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வயிற்றுப் பிடிப்புக்கு எழுதித்தரும் சில கூட்டு மாத்திரைகளில் குளோர்டயசெபாக்சைடு என்ற மனப்பதற்றத்துக்கான மருந்தும் சேர்ந்திருக்கும். பேதியை நிறுத்தும் லோபெரமைடை, முக்கியமாக முதல் மூன்று மாதத்தில், டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. குடல் வலிக்காகச் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடுவதும் தவறு. தொடர்வதா, குறைப்பதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வயிறு என்ன ஆகும்? எல்லோருக்கும் ஒரேபோல் ஆகாது. கர்ப்பத்தில் கூடும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் குடலின் அசைவை மந்தமாக்கும். பேதி வகைக்காரர்களில் சிலருக்கு அதனாலேயே வயிறு கொஞ்சம் அடங்கும். மலச்சிக்கல் வகைக்காரர்களுக்கு அதே காரணத்தால் உப்புசமும் இறுக்கமும் கூடும். போகப்போகக் கருப்பையும் குடலை அழுத்தும். குடல் கோளாறு குழந்தைக்கு நேராகப் போய்ச் சேருமோ என்ற பயம் வேண்டாம். கவனிக்க வேண்டியது அதன் பின்விளைவுகளை: நீர் வற்றுவது, பயத்தில் சாப்பாட்டைக் குறைப்பது, இரும்பு மாத்திரையை நிறுத்துவது. மூன்றாவதுதான் நம் பக்கம் அதிகம் நடக்கிறது.

அரசு தரும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். சாப்பிடத் தொடங்கியதும் மலம் கறுக்கும், அது இயல்பு. கூடவே வயிறு முறுக்கும், சிலருக்கு மூன்று நாள் போகாது, சிலருக்குத் தண்ணீராகப் போகும். உடனே மாத்திரை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும், அடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் இறங்கியிருக்கும். 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று ஒன்றுக்கு இரண்டு மாத்திரை ஆக்குவார்கள், வயிறு இன்னும் கெடும். இந்தச் சுற்றில் சிக்காமல் இருக்க நேரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

வெறும் வயிற்றில் போட்டால் இரும்பு நன்றாக ஏறும் என்பது உண்மைதான். ஆனால் ஐ.பி.எஸ். வயிறு அதைத் தாங்காவிட்டால், இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அரை மூடி எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். ஏறும் அளவு சற்றுக் குறைந்தாலும் தினமும் உள்ளே போவதுதான் முக்கியம். கால்சியம் மாத்திரையைக் காலை, மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் நடுவே தேவையான 2 மணி நேர இடைவெளி தானாகவே வந்துவிடும். காபி, டீயை இரும்பிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். கும்பகோணம் டிகிரி காபி இல்லாமல் விடியாது என்பவர்களும் ஒரு நாளைக்கு 200 மி.கி. கஃபீனுக்குள் நிற்க வேண்டும். காபி குடலையும் முடுக்கிவிடும்.

இவ்வளவு செய்தும் முடியவில்லை என்றால் சத்தமில்லாமல் நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு வகை இரும்பு, ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது நான்காம் மாதத்துக்குப் பிறகு நரம்பு வழியாக அயர்ன் சுக்ரோஸ் டிரிப் என்று வழிகள் இருக்கின்றன. டிரிப் குடல் வழியே போவதில்லை என்பதால் நம் வயிற்றுக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. கூச்சப்படாமல் கேளுங்கள்.

மலச்சிக்கலுக்கு முதலில் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி. ஒரு டீஸ்பூனில் தொடங்கி, ஒரு வாரத்தில் இரண்டாக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்ததும் குடித்துவிட்டு, பின்னாலேயே இன்னொரு டம்ளர் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் உள்ளேயே கெட்டியாகி இறுக்கத்தைக் கூட்டும். பெரும்பாலும் தப்பாகிப்போவது இங்கேதான். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம், இரும்பு மாத்திரையோடும் சேர்க்க வேண்டாம். லாக்டுலோஸ் சிரப் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியதுதான், ஆனால் அது குடலில் புளித்துக் காற்றைக் கூட்டும். உப்புசக்காரர்கள் மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். வீட்டுப் பெரியவர்கள் அன்பாக விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். கட்டாயம் மறுத்துவிடுங்கள், அது கருப்பையையும் சுருங்கவைக்கக்கூடும். வெஸ்டர்ன் கழிவறையில் காலுக்குக் கீழே அரை அடி உயர மணைப்பலகை போட்டு உட்கார்ந்தால் முக்காமல் போகும்.

சாப்பாட்டில் இணையத்தைப் பார்த்து ஃபாட்மேப் (குடலில் புளித்துக் காற்றைக் கூட்டும் சர்க்கரை வகைகள்) பட்டியல் முழுவதையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய அந்த முறை சில வாரம் ஒதுக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதற்கானது. கர்ப்பத்தில் உணவியல் நிபுணர் துணையில்லாமல் முழுதாகச் செய்தால் சத்துதான் குறையும். நம் சமையலில் வயிற்றை அதிகம் கிளப்புவது வெங்காயமும் பூண்டும், அடுத்து கொண்டைக்கடலை, கோதுமை, நிறையப் பால். வயிறு கெட்டிருக்கும் நாட்களில் மட்டும் இவற்றைத் தள்ளினால் போதும். அரிசி நமக்குத் துணை: இட்லி, குழைந்த சாதம், மிளகு ரசம், பெருங்காயம் போட்ட மோர். தை அறுவடைக்குப் பின் வயலில் விளையும் பச்சைப்பயறை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்தால் காற்று குறையும். சித்திரையில் மாம்பழமும் தர்பூசணியும் ஒரு துண்டோடு நிற்கட்டும். அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்துப் பேரீச்சம்பழமும் அப்படித்தான், இரும்புக்கு என்று ஒரே மூச்சில் பத்தைத் தின்றால் வயிறு ஊதும். வளைகாப்பில் கட்டுசாதம் ஐந்தையும் வாயில் ஊட்டுவார்கள். ஒவ்வொரு வாய் போதும், வயிற்றை நிரப்புவது தயிர்சாதமாக இருக்கட்டும்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள், 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். பேதி வகைக்காரர்களுக்கு அந்த இனிப்பு வயிற்றைக் கலக்கலாம். கழிவறை இருக்கும் இடத்தை முதலிலேயே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறொரு நாள் திரும்பச் செய்வார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் கலங்கும்போது வரும் பேதியை 'என் பழைய வயிறுதான்' என்று விட்டுவிடாதீர்கள். காய்ச்சல், வாந்தி, வீட்டில் இன்னொருவருக்கும் பேதி என்றால் அது தொற்று. காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் கரைத்துக் குடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலத்தில் ரத்தம், தூக்கத்தைக் கலைக்கும் பேதி, எடை இறங்குவது இவையும் ஐ.பி.எஸ். கணக்கில் சேராதவை.

வலியைப் பிரித்தறிவது எல்லாவற்றையும்விட முக்கியம். குடல் வலி இடம் மாறும், காற்றோ மலமோ போனதும் பெரும்பாலும் தணியும். பிரசவ வலியில் வயிறு முழுக்க ஒரேயடியாகக் கெட்டியாகித் தளரும், திரும்பத் திரும்ப வரும், முதுகிலும் இறங்கும். இடப்பக்கம் படுத்து, வயிற்றில் கை வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 37 வாரத்துக்கு முன் 10 நிமிடத்துக்கு ஒன்றாக இறுகினாலோ, நீர், ரத்தம் கசிந்தாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வலது விலாவுக்குக் கீழே வலியோடு தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் அது பிரஷர் அறிகுறி, உடனே போக வேண்டும். கடைசி வாரங்களில் திடீரென்று இளகிப் போவது பிரசவம் நெருங்கியதாலும் இருக்கலாம்.

ஐ.பி.எஸ்.-க்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. முக்கும்போது மலம் வருவது எல்லாப் பெண்களுக்கும் நடக்கக்கூடியது, பிரசவ அறையில் இருப்பவர்கள் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து அடக்க வேண்டாம்.

பிரசவத்துக்குப் பின் வயிறு மறுபடி கிளம்பினால், பத்தியச் சாப்பாட்டில் மூன்று வேளையும் சேரும் பூண்டும் ஒரு காரணமாக இருக்கலாம். பூண்டில் வயிற்றை ஊதவைக்கும் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் குழம்பில் வெந்த பூண்டை ஒதுக்கிச் சாப்பிட்டுப் பயனில்லை, சாறு ஏற்கெனவே இறங்கியிருக்கும். அதற்குப் பதில் நான்கு கரண்டி நல்லெண்ணெயில் எட்டுப் பத்துப் பல்லைச் சிறு தீயில் பொன்னிறமாக வதக்கி, பல்லை எல்லாம் எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் மிளகுக் குழம்பைத் தாளிக்கச் சொல்லுங்கள். மணம் இருக்கும், மாமியாருக்கும் மனக்குறை இருக்காது. எண்ணெயை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். பூண்டு எண்ணெயை வெளியில் வைத்திருந்தால் நச்சுக் கிருமி வளரும்.