ஒரே கோடு

காலையில் கைபேசியில் ஒரு பழைய செப்புத்தகட்டு அச்சுப்படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். இயேசுவின் மூக்கு நுனியில் வந்து நின்றது. அங்கே ஒரு சின்னஞ்சிறு சுழி.

அதிலிருந்து கிளம்பும் கோடு அறுபடவே இல்லை.

கண், தாடி, முள்முடி, வழியும் ரத்தம், முகம் பதிந்த துணி எல்லாமே அந்த ஒரே கோடு சுற்றிச் சுற்றி விரிந்ததில் வந்தவை!

பிரெஞ்சுக் கலைஞர் கிளோத் மெல்லான், 1649.

தகட்டில் உளியை அழுத்தினால் பள்ளம் அகலும், மை கூடும், நிழல் விழும். தளர்த்தினால் வெளிச்சம். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நிழல் காட்டுவதுதான் அன்றைய வழக்கம். இவரோ இந்த முகத்தில் ஒரு கோட்டின் மேல் இன்னொன்றை ஏற்றவே இல்லை.

இயேசு சிலுவை சுமந்து சென்றதை நினைவுகூரும் சிலுவைப்பாதையின் ஆறாம் நிலை. வெரோணிக்கா என்ற பெண் அவர் முகத்தைத் துடைத்த துணியில் பதிந்த முகம், மனிதக் கை வரையாத உருவம் என்று நம்பப்பட்டது. அதை வரையத் துணிந்த கை எவ்வளவு நடுங்கியிருக்கும்!

கீழே லத்தீனில் ஒரு வரி: ஒப்பற்ற ஒருவர் ஒன்றாலேயே உருவாகிறார்.

கடவுளின் ஒரே மகனுக்கு ஒரே கோடு.

அன்றைய ஐரோப்பாவின் ஆடம்பரக் கலைப்பாணியான பரோக் என்றாலே தங்கமும் மேகமும் தேவதூதர் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் இவ்வளவு குறைவாக எடுத்துக்கொண்டு இவ்வளவு சொன்ன இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை.