பூச்சு நிற்காத சுவர்

மாமாவின் சைக்கிள் கடையில் இடப்பக்கச் சுவருக்கு ஆறு வருடத்தில் மூன்று தடவை பெயின்ட் அடித்தாயிற்று. ஒவ்வொரு மாரியும் முடிய, இடுப்பளவு உயரத்துக்குப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கொட்டும். பெயின்ட் அடித்தவரைத் திட்டினோம். பிறகு கடலைத் திட்டினோம். திருகோணமலையில் எந்தப் பழியும் கடைசியில் உப்புக்காற்றின் தலையில்தான் விழும்.

"எதிர்ச் சுவருக்கும் அதே காற்றுத்தானே?" என்று கேட்டவர், மாசியில் ஓடு மாற்ற வந்த வயதான மேசன். சுவரை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். சைக்கிள் குண்டு ஒன்றை எடுத்து உருட்டிவிட்டார். அந்தக் கடையில் கை தவறி விழும் குண்டெல்லாம் அந்தச் சுவரோர வடிகானுக்குத்தான் ஓடும். மாமாவும் நேரே அங்கே போய்த்தான் பொறுக்குவார். "மூத்திரம் வடிய வாட்டம் விட்டிருக்கிறார்கள், தம்பி. இது குதிரை நின்ற தரை."

அன்றிரவு கடைக் காணியின் பழைய உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். 'குதிரை லாயமும் வண்டிக் கொட்டிலும்' என்றே இருக்கிறது. குதிரையையும் வண்டியையும் வாடகைக்கு விட்ட இடம். பிறர் குதிரைகளையும் காசுக்குக் கட்டித் தீனி போடுவார்களாம்.

அதன்பின் கட்டடமே வேறாகத் தெரிந்தது. கடைக்கு எதற்குப் பத்தடி உயர வாசல் என்று சிரித்திருக்கிறோம். வண்டி நுழைய வேண்டாமா? எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் ஜன்னல்கள்: மூத்திர நெடி மேலே போகும், குதிரையின் மேல் நேரே காற்று அடிக்காது. பரணின் ஓரத்தில் பலகை இல்லாத இடைவெளி வைக்கோல் தள்ளுவதற்கு. மாமா டயர் தொங்கவிடும் இரும்பு வளையங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு குதிரை நாளொன்றுக்கு 5 லீட்டருக்குக் குறையாமல் மூத்திரம் பெய்யும். அது மண்ணில் ஊறி, உப்பாகி, ஈரத்தோடு முருகைக்கல் சுவரில் ஏறியிருக்கிறது. ஐரோப்பாவில் லாயச் சுவர்களைச் சுரண்டி வெடியுப்பு எடுத்து வெடிமருந்து செய்த காலம் உண்டு. எங்கள் ஊர்ப் பிரெட்ரிக் கோட்டைப் பீரங்கிக்கு ஒரு வேட்டு எங்கள் சுவரிலேயே தேறும்.

சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சீமெந்து பூசி அடைத்தது நாங்கள்தான். "கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசுவோம்" என்றார் மேசன். கூலி எவ்வளவு என்று கேட்ட மாமா, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.